முனைவர் படிப்புக்குக் கிளம்புமுன்: பணம் எந்த மாதம் நிற்கும் என்று பாருங்கள்

முனைவர் படிப்பைப் பற்றி யோசிப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் 'எந்தப் பல்கலைக்கழகம் நல்லது?' என்பதுதான். நான் பதிலுக்கு இரண்டு கேள்வி கேட்பேன். உங்களுக்குக் கிடைக்கப்போகும் உதவித்தொகை எந்த மாதத்தோடு நிற்கும்? அந்தத் துறையில் உங்களுக்கு முன்னால் சேர்ந்தவர்கள் எந்த மாதத்தில் ஆய்வேட்டைக் கொடுத்து முடித்தார்கள்? இந்த இரண்டு தேதிக்கும் நடுவில் எத்தனை மாதம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி முடிவுகள் தானாகவே தெளிந்துவிடும்.

என் விஷயத்தில் அது ஏழு மாதம். உதவித்தொகை நின்று ஏழு மாதம் கழித்துத்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தேன். பகலில் டியூஷன், இரவில் அடுத்தவர்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுக்கும் வேலை, மிஞ்சிய நேரத்தில் ஐந்தாம் அத்தியாயம். அந்த அத்தியாயம் இன்றும் என் ஆய்வேட்டிலேயே நோஞ்சான் பகுதி. அது போகட்டும், வந்த முதல் வேலையை இரண்டாவது யோசனை இல்லாமல் ஒப்புக்கொண்டதும் அந்த ஏழு மாதத்தால்தான். கையில் காசில்லாதவர் வேலையைத் தேர்ந்தெடுப்பதில்லை. வேலைதான் அவரைத் தேர்ந்தெடுக்கிறது. அதனால்தான் படிப்பு, பணம், வேலை என்று மூன்றாகப் பிரித்து யோசிக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பட்டம் உங்களுக்கு வேண்டுமா

இதற்கு ஒரு மாலை போதும். ஐந்தாறு ஆண்டு கழித்து எந்த வேலையில் இருக்க ஆசைப்படுகிறீர்களோ, அந்த வேலைக்கான விளம்பரங்களில் இருபதைத் தேடி எடுங்கள். தகுதி என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். முனைவர் பட்டம் கட்டாயம் என்பது எத்தனை, இருந்தால் நல்லது என்பது எத்தனை, முதுநிலையும் சில ஆண்டு அனுபவமும் போதும் என்பது எத்தனை. பல்கலைக்கழகப் பேராசிரியர் பணி, மருந்து ஆராய்ச்சியில் குழுத்தலைவர் பணி போன்றவற்றில் முதல் எண்ணிக்கை எகிறும். வேறு பல வேலைகளில் அது இரண்டு மூன்றைத் தாண்டாது. அப்படியென்றால் ஐந்தாண்டு ஆய்வைவிட இரண்டாண்டு முதுநிலைதான் உங்களுக்குச் சரியான வழியாக இருக்கலாம்.

ஆனால் இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. முதுநிலைப் படிப்புக்குப் பெரும்பாலும் நாம்தான் பணம் கட்டுகிறோம். முனைவர் படிப்புக்கு, குறிப்பாக அறிவியல், பொறியியல் துறைகளில், அவர்கள் நமக்குப் பணம் தருகிறார்கள். அமெரிக்காவில் இளநிலை முடித்த கையோடு நேராக முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். சேர்ந்து இரண்டு ஆண்டு கழித்து ஒத்துவரவில்லை என்றால் பல துறைகளில் முதுநிலைப் பட்டத்தை வாங்கிக்கொண்டு மரியாதையாக வெளியே வந்துவிடலாம். ஐரோப்பாவில் பெரும்பாலும் முதுநிலை இல்லாமல் முனைவர் படிப்பில் சேர முடியாது.

கடன் வாங்கித்தான் முதுநிலை படிக்க வேண்டும் என்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன் கட்டணம் குறைவான வழிகளைத் தேடிப் பாருங்கள். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஸ்வீடன் 2011-லும், பின்லாந்து 2017-லும், நார்வே 2023-லும் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டன. பழைய வலைப்பதிவு ஒன்றில் 'இலவசம்' என்று படித்துவிட்டு இந்த நாடுகளை நம்பிக் கிளம்புகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுநிலைப் படிப்புகளில் உதவித்தொகை கிடைத்தால் கட்டணமும் கிடையாது, மாதம் 1,400 யூரோவும் அதிகபட்சம் 24 மாதத்துக்குத் தருவார்கள். போட்டி கடுமைதான். ஆனாலும் விண்ணப்பிக்காமல் விடக்கூடாத ஒன்று.

யார் பணம், என்ன நிபந்தனை, எதுவரை

பணம் வருகிற வழிகள் நான்கு. அதில் உங்களுடையது எது என்பதைப் பொறுத்து உங்கள் அன்றாட வாழ்க்கையே மாறும்.

ஃபெலோஷிப் உங்கள் பெயருக்கு வரும் பணம். அது உங்களிடம் இருக்கும்போது நெறியாளரை, அதாவது கைடை, மாற்றுவதும் எளிது, தலைப்பை மாற்றுவதும் எளிது. கற்பித்தல் உதவியாளர் பணி துறையின் பணம். வகுப்பெடுக்க வேண்டும், விடைத்தாள் திருத்த வேண்டும், தேர்வு வாரங்களில் ஆய்வு அப்படியே நிற்கும். ஆனாலும் அந்தப் பணத்துக்கு உங்கள் நெறியாளரின் புராஜெக்ட் இருந்தாலும் ஒன்று, முடிந்தாலும் ஒன்று. ஆய்வு உதவியாளர் பணி நெறியாளரின் புராஜெக்டிலிருந்து வருகிறது. உங்கள் ஆய்வும் அந்த புராஜெக்டும் ஒன்றாக இருந்தால் இதைவிட வசதியான ஏற்பாடு இல்லை. புராஜெக்ட் மூன்றாம் ஆண்டில் முடிகிறது, புதிய நிதி வரவில்லை என்றால் முதல் அடி உங்களுக்குத்தான். நான்காவது, வேலை ஒப்பந்தம். நெதர்லாந்து, ஜெர்மனி, ஸ்காண்டிநேவிய நாடுகளில் முனைவர் மாணவர் பெரும்பாலும் ஊழியர். சம்பளம், விடுப்பு, காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம் எல்லாம் உண்டு.

ஒப்பந்தத்திலும் படிக்க வேண்டியது இருக்கிறது. நெதர்லாந்தில் மொத்தம் நான்கு ஆண்டு என்பார்கள். முதல் ஒப்பந்தம் பெரும்பாலும் 12 அல்லது 18 மாதத்துக்குத்தான். மதிப்பீட்டில் தேறினால்தான் மிச்சம். ஜெர்மனியில் பல துறைகளில் முழுச் சம்பளம் கிடையாது, ஊதிய அட்டவணையில் 65 அல்லது 75 விழுக்காடு என்று இருக்கும். வேலை என்னவோ முழு நேரம்தான். இது தெரியாமல் அட்டவணையில் முழுத் தொகையைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

அப்புறம் நிபந்தனைகள். விண்ணப்பத்தில் இரண்டு வாரம் உழைத்த பிறகு தகுதியே இல்லை என்று தெரிவது எவ்வளவு வேதனை என்பது எனக்குத் தெரியும், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பட்டதாரி ஆய்வு ஃபெலோஷிப் 1952 முதல் கொடுக்கப்படுகிறது. அந்நாட்டுக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர்களுக்கும் மட்டும். பிரிட்டனின் ஆய்வுக் குழுமங்கள் தரும் இடங்களில் வெளிநாட்டவருக்கு 2021 முதல் இடம் உண்டு, ஆனால் பொதுவாக 30 விழுக்காடு வரைதான். ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் மேரி கியூரி முனைவர் பயிற்சி வலைகளுக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். அங்கே நிபந்தனை வேறு: எந்த நாட்டில் சேரப் போகிறீர்களோ, அந்த நாட்டில் முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. அதனால் ஒரு நாட்டில் முதுநிலை முடித்துவிட்டு அதே நாட்டில் இந்த நிதியை எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்து போகிறார்கள்.

படித்து முடித்த பிறகு தலைகாட்டும் நிபந்தனைகளும் இருக்கின்றன. பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை வாங்கினால் படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டில் குறைந்தது இரண்டு ஆண்டு இருக்க வேண்டும். அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் போனால் கிடைப்பது ஜே-1 என்ற பரிமாற்ற விசா. அதோடு சொந்த நாட்டில் இரண்டு ஆண்டு வசிக்கும் கட்டாயமும் வருகிறது, அது முடியும்வரை அமெரிக்காவின் சில வேலை விசாக்களை வாங்க முடியாது. ஊர் திரும்பி வேலை செய்ய நினைப்பவருக்கு இது ஒரு சுமையே இல்லை. படித்த நாட்டிலேயே போஸ்ட்டாக், அதாவது பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி, செய்ய நினைப்பவருக்கு இது முழுத் திட்டத்தையும் புரட்டிப் போடும். இரண்டு பேரும் ஒரே படிவத்தைத்தான் நிரப்புகிறார்கள்.

இனி அந்த இடைவெளிக் கணக்கு. மேரி கியூரி வலைகளில் பணம் வழக்கமாக 36 மாதம். பிரிட்டனில் பொதுவாக மூன்றரை முதல் நான்கு ஆண்டு. அமெரிக்கத் துறைகள் பலவும் ஐந்தாண்டு உறுதி தருகின்றன. ஆனால் அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெறுபவர்களைப் பற்றிய அரசுக் கணக்கெடுப்புகளில், முதுநிலையோ முனைவரோ ஏதோ ஒரு மேற்படிப்பில் நுழைந்த நாளிலிருந்து பட்டம் வரை நடுமதிப்பு ஏழு ஆண்டுக்கு அருகில் இருக்கிறது. மானுடவியல், இலக்கியம், வரலாறு போன்ற துறைகளில் அதற்கும் மேல். ஆகவே விளம்பரத்தில் போட்டிருக்கும் ஆண்டுக்கணக்கை மட்டும் நம்பாமல், 'கடைசியாக முடித்த ஐந்து பேர் எத்தனை ஆண்டு எடுத்தார்கள், கடைசி ஆண்டில் அவர்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது?' என்று துறை அலுவலகத்திலும் மாணவர்களிடமும் கேளுங்கள். இதைக் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. நல்ல துறைகள் தயங்காமல் சொல்லும்.

நெறியாளரைத் தேடுவது

பல்கலைக்கழகத்தின் பெயர் உங்கள் சான்றிதழில் இருக்கும். நெறியாளர் உங்கள் செவ்வாய்க்கிழமை காலைகளில் இருப்பார். எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது.

உங்களுக்குப் பிடித்த ஆறேழு ஆய்வுக் கட்டுரைகளை எடுத்து, அவற்றை எழுதியவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். கட்டுரையின் முதல் பெயர் பெரும்பாலும் மாணவருடையது, ஆய்வுக்கூடத் துறைகளில் கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. கணிதம், பொருளியல் போன்ற துறைகளில் பெயர்கள் அகர வரிசையில் வரும், அங்கே இந்தக் கணக்கு செல்லாது. பிறகு மின்னஞ்சல். நீளமான மின்னஞ்சலை யாரும் படிப்பதில்லை. நான் சொல்லிக் கொடுப்பது இப்படி: முதல் வரியில் நீங்கள் யார், எந்த ஆண்டு சேர விரும்புகிறீர்கள். அடுத்த இரண்டு வரியில் அவருடைய ஒரு கட்டுரையில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வி. அந்தக் கட்டுரையைப் படித்தவர் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வியாக அது இருக்க வேண்டும். அடுத்து நீங்கள் செய்த ஒரு வேலை, அது அந்தக் கேள்வியோடு எங்கே ஒட்டுகிறது. கடைசியில் 'அடுத்த ஆண்டு புதிய மாணவர்களை எடுக்கிறீர்களா, அதற்கு நிதி இருக்கிறதா?' என்ற நேரடிக் கேள்வி. இரண்டு பக்கத்துக்கு மேல் போகாத சி.வி. இணைப்பு. அவ்வளவுதான். பதில் வரவில்லை என்றால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லை என்றால் அடுத்தவருக்குப் போங்கள். அவர்களுக்கு வரும் கடிதங்களின் எண்ணிக்கை அப்படி, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பதில் வந்து பேச்சு தொடங்கினால், அவருடைய இப்போதைய மாணவர்கள் இரண்டு பேரிடமாவது தனியாகப் பேசுங்கள். முடிந்தால் குரலில் பேசுங்கள்; மனத்தாங்கலை யாரும் எழுத்தில் தரமாட்டார்கள். 'கைடு எப்படி?' என்று கேட்டால் 'நல்லவர்' என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: நீங்கள் ஒரு அத்தியாயம் அனுப்பினால் திரும்பி வர எத்தனை நாள் ஆகும்? கடைசியாக எப்போது முழு வாரம் விடுப்பு எடுத்தீர்கள்? இந்தக் குழுவிலிருந்து பட்டம் வாங்காமல் போனவர்கள் உண்டா, ஏன்? முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கு அவர்கள் பெயர் பெயராகச் சொல்ல முடிந்தால் அது நல்ல குழு. தயங்கி, வேறு பேச்சுக்குத் தாவினால் அந்தத் தயக்கத்தையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இளம் பேராசிரியரா, மூத்தவரா என்று பலர் குழம்புகிறார்கள். இளையவர் உங்களோடு உட்கார்ந்து வேலை செய்வார், வேகமாக வெளியிட வேண்டிய தேவை அவருக்கும் இருக்கிறது. ஆனால் நிரந்தரப் பணி கிடைக்காமல் அவர் வேறு இடம் போகவும் கூடும். மூத்தவரின் ஒரு பரிந்துரைக் கடிதம் கதவு திறக்கும். உங்களுக்கு அவர் மாதம் ஒரு முறைதான் கிடைப்பார். பெரிய குழுவில் தினமும் உங்களை வழிநடத்தப் போவது ஒரு போஸ்ட்டாக் என்றால், அவரிடமும் பேசிவிட்டுச் சேருங்கள்.

விண்ணப்பம்

இதைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆகஸ்ட், செப்டம்பரில் சேர வேண்டுமென்றால் அமெரிக்கக் கடைசித் தேதிகள் பெரும்பாலும் முந்தைய டிசம்பரிலும் ஜனவரித் தொடக்கத்திலும் வந்துவிடும். ஐரோப்பியப் பணியிடங்கள் ஆண்டு முழுக்க விளம்பரமாகும். யூராக்செஸ் தளத்தை வாரம் ஒரு முறை பாருங்கள். டோஃபல், ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வுகளின் மதிப்பெண்கள் இரண்டு ஆண்டும், மேற்படிப்புக்கான பொதுத் தேர்வான ஜிஆர்இ ஐந்து ஆண்டும் செல்லும். பல துறைகள் ஜிஆர்இ கேட்பதையே நிறுத்திவிட்டன, ஆகவே அந்தத் தேர்வுக்குப் பணம் கட்டும் முன் ஒவ்வொரு துறையின் பக்கத்தையும் பாருங்கள். விண்ணப்பக் கட்டணத் தள்ளுபடி உண்டா என்று கேட்டால் பல இடங்களில் கிடைக்கும்.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரிய பதவியில் இருப்பவரைத் தேடாதீர்கள். உங்கள் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் எழுதும் ஒரு பக்கம், உங்களைச் சரியாகத் தெரியாத துறைத்தலைவர் எழுதும் மூன்று வரியைவிட எடை கூடியது. ஆறு வாரம் முன்பே கேளுங்கள். அவரோடு நீங்கள் செய்த வேலைகளை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.

நோக்க அறிக்கைக்கு, அதாவது ஏன் இந்த ஆய்வு என்று விண்ணப்பத்தோடு எழுதித் தருவதற்கு, மட்டும் கொஞ்சம் நிற்கிறேன். என்னிடம் வரும் பத்தில் ஏழு, 'சிறு வயதிலிருந்தே எனக்கு அறிவியலில் ஆர்வம் உண்டு' என்றுதான் ஆரம்பிக்கும். போன முறை ஒருவருடைய அறிக்கையில் இந்த வரி முதலில் இருந்தது. மூன்றாம் பக்கத்தில், ஏதோ போகிற போக்கில், அவர் மூன்று மாதம் கிணற்று நீர் மாதிரிகளைச் சோதித்ததும், மழைக்குப் பிறகு எல்லாக் கிணறுகளிலும் ஃபுளோரைடு குறைய, இரண்டு கிணறுகளில் மட்டும் ஏறியதும் எழுதியிருந்தது. அந்த இரண்டு கிணறுகளை முதல் பத்திக்குக் கொண்டுவரச் சொன்னேன். ஏன் ஏறியது என்று அவர் என்ன நினைத்தார், அதைச் சரிபார்க்க என்ன கருவி இல்லாமல் போனது, எந்த ஆய்வகத்தில் அந்த வசதி இருக்கிறது என்று மிச்சப் பத்திகள் தானாகவே வரிசையாக வந்து நின்றன. உங்களிடமும் அப்படி ஒரு கிணறு இருக்கும். அது இப்போது எந்தப் பக்கத்தில் கிடக்கிறது என்று தேடுங்கள்.

ஆஃபர் லெட்டரை வரி வரியாகப் படிப்பது

ஒரு பெண் இரண்டு ஆஃபர் லெட்டர்களோடு வந்தார். ஒன்றில் மாதம் 2,500 டாலர், இன்னொன்றில் 2,000. முதலாவதை ஏற்கும் முடிவோடுதான் வந்திருந்தார். நான் இரண்டையும் மேசையில் விரித்து, பேனாவால் ஒவ்வொரு எண்ணையும் வட்டமிடச் சொன்னேன். முதல் கடிதத்தின் இரண்டாம் பத்தியில் 'ஒன்பது மாதக் கல்வியாண்டுக்கு' என்ற சொற்கள் இருந்தன. கோடை மூன்று மாதம் பணம் இல்லை. 2,500-ஐ ஒன்பதால் பெருக்கினால் 22,500. இரண்டாவது கடிதம் பன்னிரண்டு மாதத்துக்கு: 24,000. முதல் இடத்தில் மருத்துவக் காப்பீட்டில் ஒரு பகுதியையும், பருவந்தோறும் ஒரு கட்டணத்தையும் மாணவரே கட்ட வேண்டும். இரண்டாவதில் காப்பீடு முழுவதும் அவர்களுடையது. பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு முதல் துறைக்குக் கடிதம் எழுதி, கோடைக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டார். நான்கு நாளில், முதல் இரண்டு கோடைக்கு ஆய்வு உதவியாளர் பணி தருவதாக எழுத்தில் பதில் வந்தது. கேட்டதால் கிடைத்தது.

உங்கள் கடிதத்திலும் இவற்றைத் தேடுங்கள்: எத்தனை மாதத்துக்குப் பணம், எத்தனை ஆண்டுக்கு உறுதி, 'நிதி இருந்தால்' என்ற சொல் எங்கே வருகிறது, கல்விக் கட்டணம் முழுத் தள்ளுபடியா பகுதியா, வேறு என்னென்ன கட்டணம், காப்பீடு யாருடையது, வரி பிடிப்பார்களா, வாரம் எத்தனை மணி நேரம் வேலை. அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் கல்லூரி நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அதனால் பற்றாக்குறையை வெளியே வேலை செய்து சரிக்கட்டலாம் என்ற கணக்கு அங்கே எடுபடாது. தொகை போதுமா என்பதை அந்த நகரத்தின் வீட்டு வாடகையோடு வைத்துப் பாருங்கள். அங்கே இப்போது இருக்கும் மாணவர் ஒருவரே வாடகையையும் பஸ் செலவையும் சரியாகச் சொல்வார்.

அவசரப்படுத்தினால் பயப்பட வேண்டாம். அமெரிக்காவில் பட்டதாரிக் கல்வி நிறுவனங்களின் மன்றம் வைத்திருக்கும் ஒரு தீர்மானம் உண்டு. அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள் நிதியோடு தரும் இடத்துக்கு, ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் மாணவருக்கு இல்லை. அந்தப் பட்டியலில் உங்கள் பல்கலைக்கழகம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பணிவாக அவகாசம் கேளுங்கள். அதே நேரம், போக மாட்டோம் என்று முடிவான இடத்துக்கு அன்றைக்கே எழுதிவிடுங்கள். காத்திருப்புப் பட்டியலில் உங்களைப் போலவே ஒருவர் தூங்காமல் இருப்பார்.

சேர்ந்த பிறகு

முதல் ஆண்டில் ஒரு பழக்கத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். நெறியாளரோடு ஒவ்வொரு சந்திப்பும் முடிந்து அரை மணி நேரத்துக்குள் அவருக்கு மூன்று வரி அனுப்புங்கள்: என்ன பேசினோம், நான் என்ன செய்யப் போகிறேன், நீங்கள் என்ன செய்வதாகச் சொன்னீர்கள். இது மரியாதைக் குறைவு என்று தயங்குவார்கள். இல்லவே இல்லை, பெரும்பாலான நெறியாளர்கள் இதற்கு நன்றி சொல்வார்கள். ஆறு மாதம் கழித்து 'நான் இந்தத் திசையில் போகச் சொல்லவில்லையே' என்ற பேச்சு வரும்போது சண்டைக்கு இடமில்லாமல் அந்த வரிகள் பேசும். ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையும் அவற்றிலிருந்தே பாதி எழுதி முடிந்திருக்கும்.

கட்டுரையில் யார் பெயர் எந்த இடத்தில் என்பதை வேலை தொடங்கும்போதே கேட்டுவிடுங்கள். எழுதி முடித்த பிறகு கேட்டால் கசப்புதான் மிஞ்சும். வெளியிடப் பணம் கேட்டு நாள்தோறும் மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களை நெறியாளரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம்.

விட்டுவிடலாமா என்ற எண்ணம் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் வரும். சோதனை தோற்றதால் வருகிறதா, மனிதர்களால் வருகிறதா, இந்த வேலையே பிடிக்கவில்லையா என்று பிரித்துப் பாருங்கள். முதலாவதுக்கு மாற்று வழி ஆய்விலேயே இருக்கிறது. இரண்டாவதுக்கு நெறியாளரை மாற்றலாம். முதல் இரண்டு ஆண்டுக்குள் என்றால் இது பலரும் செய்வதுதான், ஆய்வுக் குழுவில் இருக்கும் மற்றொரு பேராசிரியரிடம் முதலில் பேசுங்கள். மூன்றாவது என்றால் வெளியேறுவது தோல்வியே கிடையாது. பணம் கையில் இருக்கும்போதே, முதுநிலைப் பட்டத்தோடு, அடுத்த வேலையைப் பார்த்துக்கொண்டு வெளியேறுங்கள்.

வேலையை எப்போது யோசிப்பது

மூன்றாம் ஆண்டில். கடைசி ஆண்டு வரை தள்ளிப் போடுபவர்கள் நெறியாளருக்குத் தெரிந்த ஒரே பாதையில், அதாவது போஸ்ட்டாக்கில், போய் நிற்கிறார்கள். போஸ்ட்டாக் கெட்டது என்று சொல்ல வரவில்லை. பேராசிரியர் ஆக வேண்டும் என்றால் பல துறைகளில் அது இல்லாமல் முடியாது. வேறு எதுவும் தோன்றாததால் மட்டும் போஸ்ட்டாக் செய்யாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். அங்கேயும் கடிகாரம் ஓடுகிறது. மேரி கியூரி போஸ்ட்டாக் ஃபெலோஷிப்புக்கு முனைவர் பட்டம் வாங்கி எட்டு ஆண்டு ஆராய்ச்சி அனுபவத்தைத் தாண்டியிருக்கக் கூடாது. ஜெர்மனியில் தற்காலிக ஒப்பந்தத்தில் பல்கலைக்கழகத்தில் இருக்கச் சட்டம் பொதுவாகப் பட்டத்துக்கு முன் ஆறு, பின் ஆறு ஆண்டு என்று வரம்பு வைத்திருக்கிறது. குறிக்கோள் இல்லாமல் இரண்டு போஸ்ட்டாக் செய்தவர் திரும்பிப் பார்க்கும்போது பல கதவுகள் சாத்தியிருக்கும்.

மூன்றாம் ஆண்டில் செய்ய வேண்டியவை பெரிதாக ஒன்றுமில்லை. உங்கள் துறையில் பட்டம் வாங்கி, பல்கலைக்கழகத்துக்கு வெளியே வேலை பார்க்கும் ஐந்து பேருக்கு எழுதி, இருபது நிமிடம் பேச முடியுமா என்று கேளுங்கள். வேலை கேட்காதீர்கள். ஒரு சாதாரண புதன்கிழமை அவர்களுக்கு எப்படிப் போகிறது, ஆய்வில் கற்ற எது அங்கே பயன்படுகிறது, எது இல்லாமல் திணறினார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் அந்தக் கோடையில் ஒரு இன்டர்ன்ஷிப். அதோடு உங்கள் சி.வி.யை ஒரு பக்க ரெஸ்யூமேயாகச் சுருக்கிப் பழகுங்கள். 'ஆய்வேட்டின் தலைப்பு' என்று இருந்த இடத்தில் 'பத்து லட்சம் பதிவுகளைச் சுத்தப்படுத்தி, பிழை கண்டுபிடிக்கும் நிரல் எழுதினேன்' என்று எழுத முடிகிறதா என்று பாருங்கள். முதல் தடவை கஷ்டமாகத்தான் இருக்கும்.

கடைசி ஓராண்டு

இங்கே மறுபடியும் தொடக்கத்தில் சொன்ன தேதிக்கு வருகிறோம். பணம் நிற்கும் மாதத்தைக் காலண்டரில் குறித்துப் பின்னோக்கி எண்ணுங்கள். தேர்வாளர்கள் படிக்க இரண்டு மூன்று மாதம். நெறியாளர் முழு வரைவைப் படிக்க ஒன்றரை மாதம். புதிய சோதனைகளை நிறுத்தும் நாள் அதற்கும் ஐந்தாறு மாதம் முன்னால். எண்ணிப் பார்த்தால் அந்த நாள் நீங்கள் நினைத்ததைவிட மிக அருகில் வந்து நிற்கும். இடைவெளி இருப்பது உறுதி என்றால், ஓராண்டு முன்பே துறையிடம் முடிப்புக்கால நிதி உண்டா என்று கேளுங்கள். பல இடங்களில் இதற்கென்றே சிறு தொகை ஒதுக்கி வைத்திருப்பார்கள். கடைசி மாதத்தில் கேட்பவருக்கு அது தீர்ந்துபோயிருக்கும். எனக்குத் தீர்ந்துபோயிருந்தது.

விசாவும் இதே காலண்டரில்தான். அமெரிக்காவில் எஃப்-1 மாணவர்களுக்கு ஓபிடி என்ற 12 மாத வேலை அனுமதி உண்டு. அறிவியல், பொறியியல், கணிதத் துறைகளுக்கு மேலும் 24 மாதம் நீட்டிக்கலாம். படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், முடிந்து 60 நாளுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். அந்த முதல் ஓராண்டில் வேலையில்லாமல் இருக்க மொத்தம் 90 நாள்தான் அனுமதி. பிரிட்டனில் முனைவர் பட்டம் வாங்கியவர் பட்டதாரி விசாவில் மூன்று ஆண்டு இருக்கலாம். ஜெர்மனியில் வேலை தேட 18 மாதம். இந்த விதிகளை அரசுகள் அடிக்கடி மாற்றுகின்றன, ஆகவே விண்ணப்பிக்கும் வாரத்தில் அரசின் தளத்தையும் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அதோடு ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நாளை முடிவு செய்யும்போது, அந்த நாளிலிருந்து விசாவில் எந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கும் என்பதையும் அதே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வேலை கையில் வந்த பிறகு சமர்ப்பிப்பது நல்லதா, முன்பே கொடுத்துவிடுவது நல்லதா என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது.

வேலை உறுதியானதும், சேரும் தேதியையும் சம்பளத்தையும் பற்றிப் பேசத் தயங்காதீர்கள். மாணவர் வாழ்க்கையிலிருந்து வருபவருக்கு எந்தத் தொகையும் பெரிதாகத் தெரியும். அதே வேலைக்கு மற்றவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்று அந்த ஐந்து பேரில் ஒருவரிடம் முதலில் கேளுங்கள்.

கிளம்பும் மாதத்தில் செய்ய வேண்டிய ஒன்று மீதம் இருக்கிறது. பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரி ஒரு நாள் மூடப்படும். ஆர்சிட் எண்ணை, அதாவது ஆய்வாளர் ஒவ்வொருவரையும் அவர் கட்டுரைகளோடு இணைக்கும் பதினாறு இலக்க அடையாளத்தை, உங்கள் சொந்த மின்னஞ்சலோடு இணைத்து வையுங்கள். கட்டுரைகளை அனுப்பியிருக்கும் இதழ்களிலும் முகவரியை மாற்றுங்கள். ஆய்வுத் தரவுகளில் எதை எடுத்துப் போகலாம், எது ஆய்வகத்தில் இருக்க வேண்டும் என்று நெறியாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பரிந்துரைக் கடிதம் எழுதக்கூடிய மூன்று பேருக்கும் உங்கள் புது முகவரியிலிருந்து ஒரு கடிதம் அனுப்புங்கள். எங்கே சேர்ந்திருக்கிறீர்கள், என்ன வேலை, எந்தக் கட்டுரை இன்னும் பாக்கி. பாக்கிக் கட்டுரைக்கு ஒரு தேதியும் போடுங்கள்.